தேம்ஸ் நதியின் கொலுமண்டபம்

லண்டனில் ஸ்ட்ராண்ட் வீதிக்கும் தேம்ஸ் நதிக்கும் நடுவே ஜான் ஆடம் தெரு என்று ஒன்று இருக்கிறது. கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்ப்பதற்காக ஏற்பட்ட சங்கம் ஒன்று 1774-ஆம் வருஷம் முதல் அங்கே இருந்து வருகிறது. அதன் பெரிய மண்டபத்தைச் சுற்றிலும் ஆறு சித்திரங்கள். அவற்றுள் இரண்டு, ஒவ்வொன்றும் 42 அடி நீளம்!

எழுதியவர் ஜேம்ஸ் பாரி. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் 1741-ல் பிறந்தவர். 1777-ல் இவ்வேலையைக் கூலியின்றி ஏற்றுக்கொண்டபோது அவர் கையில் இருந்தது 16 ஷில்லிங்தான் என்பார்கள். பகலெல்லாம் மண்டபத்தில் வேலை. இரவில் வயிற்றுப்பாட்டுக்காகச் செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்குவார்.

மனிதன் காட்டுமிராண்டி நிலையிலிருந்து நாகரிகத்துக்கு உயர்ந்த கதையே விஷயம். முதலில் ஆர்பியஸ் யாழுடன் உபதேசிக்கிறான். பிறகு கிரேக்கரின் அறுவடைத் திருநாள், ஒலிம்பியாவில் வெற்றிவீரர்களுக்கு முடிசூட்டு. நாலாவதில் தேம்ஸ் நதியே தேவனாகப் பவனி வருகிறது. டிரேக், ராலி, கபோட், குக் ஆகிய மாலுமிகள் அதைத் தாங்கி வருகிறார்கள். கண்டங்கள் நான்கும் காணிக்கை செலுத்துகின்றன. ஆசியா கொண்டு வருவது பட்டும் பருத்தியும்; அவை எந்தத் தேசத்துத் தறிகளை நினைவூட்டும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவோ கைவிலங்குடன் துயரமே உருவாக நிற்கிறது. வாணிபத்தின் வெற்றியைப் பாட வந்த சித்திரத்தில், அந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பாரி மறைக்கவில்லை.

ஐந்தாவது, சங்கத்தின் பரிசளிப்பு. ஆறாவதில் சகல தேசத்து மகான்களும் சொர்க்கத்தில் கூடியிருக்கிறார்கள். ஒரு மூலையில் நரகம். அங்கே உலோபியோடும் போர்வெறியனோடும் பேராசை கொண்ட பதவிப்பித்தனும் விழுகிறான்.

மண்டபத்துச் சித்திரம் ஊர் ஊராக நடந்து வருமா? ஆகவே 1790-களின் தொடக்கத்தில் பாரி அவற்றைத் தம் கையாலேயே தகட்டில் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டார். பிற செதுக்கர்களின் நயமான மெருகு அவற்றில் இல்லை, முரட்டுக் கோடுகள். ஆனால் மண்டபத்தின் உட்கருத்தை, லண்டனைப் பாராதவர்களின் வீட்டுக்கும் அந்தக் காகிதங்களே கொண்டு சென்றன.

தம் உயர்ந்த நோக்கத்துக்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. சக கலைஞர்களோடு ஓயாது பூசலிட்ட அவரை 1799-ல் ராயல் அகாடமி வெளியேற்றியது. வறுமையிலேயே 1806-ல் காலமானார். அவரது உடலை அடக்கம் செய்த இடமோ செயிண்ட் பால் தேவாலயம்! உயிரோடிருக்கும்போது ரொட்டியும் இறந்தபின் மரியாதையும் தருவதில் உலகம் எப்பொழுதும் சற்றுக் கணக்குத் தவறிவிடுகிறது.