நுரையில் நிற்கும் ஈரம்

தாடி மயிரை மழிப்பது பிளேடு. அதற்கு மயிரைப் பதப்படுத்துவது தண்ணீர். காய்ந்த மயிர் முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் இளகிவிடும். அந்த ஈரத்தைக் கன்னத்தில் காயவிடாமல் காப்பதும், பிளேடை வழுக்கிப் போகச் செய்வதும்தான் நுரையின் வேலை. ஷேவிங் க்ரீம் வாங்கும்போது இந்த இரண்டையும்தான் நான் பார்க்கிறேன்.

பழைய பாணி க்ரீம் டியூபின் பின்பக்கம் ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் சோப்பு. குளியல் சோப்பில் இருப்பது சோடியம். அதனால் கட்டியாக நிற்கிறது. பொட்டாசியம் சோப்பு இளக்கமானது, சீக்கிரம் கரையும். ஸ்டியரிக் ஆசிட் பொடிக் குமிழிகளாய்க் கெட்டி நுரை தரும். அது நெடுநேரம் அமுங்காது. தேங்காயெண்ணெய் நுரையைச் சட்டென எழுப்பும், கிளிசரின் ஈரம் காக்கும். ஷாம்பூவில் இருக்கும் சோடியம் லாரில் ஈதர் சல்பேட்டும் குபுகுபுவென்று பொங்கும். ஆனால் தனியாக அதன் நுரை அவ்வளவு நேரம் கன்னத்தில் தங்காது.

அதற்காகச் செயற்கை நுரைப்பொருள்களை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத திப்பியாக்கிவிடும்; பிரஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை திரளாது. செயற்கைப் பொருள் அந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது; சோப்பு 9, 10 வரை போகும். சிலருக்கு முகம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கை வகையைத் தோலுக்கு இணங்கத் தயாரிக்க முடியும். அவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல. சோடியம் லாரில் சல்பேட்டைத் தோல் ஆய்வுகளில் எரிச்சல் உண்டாக்கவே பூசுகிறார்கள். பீட்டேன் வகை அதைவிட மிகச் சாது.

'இயற்கையா, கெமிக்கலா' என்ற கேள்வி இங்கே உதவாது. சோப்பும் கொழுப்பில் காரம் சேர்த்துச் செய்த கெமிக்கல்தான். டப்பாவை அழுத்தினால் வரும் நுரையிலும் பெரும்பாலும் ட்ரைஎத்தனாலமீன் சேர்ந்த ஸ்டியரிக் சோப்பே இருக்கிறது.

ஷேவிங்குக்கு மட்டும் ஒரு குவளை ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன், அதில் சோப்பு க்ரீம் அருமையாகத் திரள்கிறது. உப்புத் தண்ணீரைத் தவிர வழியில்லாதவர்களும் சோப்பு எரியும் தோல்காரர்களும் செயற்கை வகையைத் தயங்காமல் வாங்கலாம். தாடை மடிப்பை மழித்து முடிக்கும்வரை நுரை காயக் கூடாது, கழுவியபின் தோல் இழுக்கக் கூடாது. இவ்விரண்டும் நிறைவேறினால் அது நல்ல க்ரீம்.