முதுகுக்கு எட்டாத எண்ணெய்

மாதவிடாய் நிற்பதற்கு ஆயுர்வேதம் வைத்திருக்கும் பெயர் ரஜோநிவிருத்தி. பெண்ணுக்கு 12 வயதில் தொடங்கும் உதிரப்போக்கு 50 வாக்கில் ஓய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு சுஸ்ருத சம்ஹிதை நகர்ந்துவிடுகிறது. நோயாக எண்ணவில்லை. முதுமை, வாதம் ஓங்கும் பருவம். வாதத்தின் குணம் வறட்சி. வறட்சிக்கு மருந்து நெய்ப்பு. அவ்வளவுதான் கணக்கு.

என் அம்மாவுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. "நின்னுபோச்சுல்ல, அதுலேர்ந்து தோலு காகிதமாட்டம் ஆயிருச்சுடி" என்பாள். ராத்திரியில் முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டே இருப்பாள். வகிடு அகலமாகிவிட்டது. சீப்பில் வரும் முடியை இப்போதெல்லாம் பார்க்காமலே சுருட்டிப் போட்டுவிடுகிறாள்.

நான் சாஃப்ட்வேர்க்காரி. ஒன்று வேலை செய்கிறது என்றால் எப்படி என்று தெரிந்தாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோலின் கொலாஜன் வேகமாகக் குறைகிறது. முதல் ஐந்து வருடங்களிலேயே ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுவதாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முடி வளரும் காலம் சுருங்கி, மயிர்க்கால் சிறுத்து, முளைப்பதே மெலிந்து முளைக்கிறது. மேலே தடவும் நல்லெண்ணெய் இதில் எதையும் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் தோலின் ஈரம் ஆவியாகாமல் பிடித்துவைக்கும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அதன் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதிதாக வளர்க்காது, இருப்பதைக் காப்பாற்றும். கரிசலாங்கண்ணித் தைலத்திடமும் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

கடைக்காரர்கள் இன்னும் எதிர்பார்க்கச் சொல்கிறார்கள். தைலப் பாட்டிலில் 'இளமை' என்று எழுதியிருக்கிறது. அதற்கடுத்து உள்ளுக்கு மாத்திரை, லேகியம், பஸ்பம். இங்கேதான் எனக்குப் பயம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும்போது, அதில் பல வருடங்களாகத் தங்கிய ஈயமும் ரத்தத்துக்கு வருகிறது. அந்த உடம்பில் மேலும் ஈயத்தை ஏற்றலாமா? அலமாரியில் இருந்த லேபிள் இல்லாத டப்பாவை எடுத்துப் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். "முடி கொட்டுறதுக்கு எதுக்குடி ரத்தம் எடுக்கணும்?" என்றாள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. தோல் வறள்வதற்கும் முடி உதிர்வதற்கும் அதுவும் ஒரு காரணம். இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை.

எண்ணெயை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அஷ்டாங்க ஹிருதயம், தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. சமஸ்கிருதத்தில் 'ஸ்நேகம்' என்றால் எண்ணெய், அன்பும்தான். அப்பாவுக்கும் எனக்கும் வாராவாரம் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அம்மா. அவளுக்கு யார் தேய்த்தார்கள் என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அவள் கை அவள் முதுகுக்கு எட்டாது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. எண்ணெயைச் சூடுகாட்டி முதுகில் தேய்த்துவிடுகிறேன். "போதும்டி, உனக்கு மீட்டிங் இருக்கும்ல" என்பாள். எழுந்திருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, "காலுக்கும் கொஞ்சம் வெச்சு விடேன்" என்பாள்.