இருபத்தொரு நாள் காசு

சென்னையில் நான் தனியாக இருந்த வாடகை வீட்டின் பிராட்பேண்ட் இணைப்புக்கு மாதம் 600 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 708. அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குக் கிளம்பினேன். ஜூன் 9ஆம் தேதியோடு இணைப்பை நிறுத்தச் சொன்னேன். ஒன்பது நாளுக்கு 212 ரூபாய் 40 காசு. முன்பணத்திலிருந்து அவர்கள் பிடித்துக்கொண்டது முழு 708.

“பில்லிங் சைக்கிள் நடுவுல நிறுத்தினா முழு மாசம்தான் மேடம்” என்றார் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர். மோடத்தையே கழற்றிக்கொண்டு போன பிறகு எந்தச் சேவைக்கு இந்த 21 நாள் காசு என்று கேட்டேன். “வீட்ல சார் இருந்தா குடுங்களேன்.” இணைப்பு என் பெயரில். சார் என்று யாரும் கிடையாது.

“ஐந்நூறு ரூபாய்க்கா இவ்வளவு?” என்றாள் தோழி. பால், மளிகை, சீட்டு என்று வீட்டுக் கணக்கைக் காசு பிசகாமல் வைத்திருப்பவள் கெட்டிக்காரி. அதே கணக்கை ஒரு நிறுவனத்திடம் கேட்டால் அற்பம், சண்டைக்காரி. நம்முடைய இந்தக் கூச்சத்தில்தான் அவர்களுடைய விதி பிழைக்கிறது. சம்பளம் நின்றுபோன வீட்டில் அந்தப் பணம் அம்மாவின் ஒரு வார மருந்து.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. நோயாளியை விட்டு நகர முடியாதவளுக்கு ‘வசிக்கும் ஊர்’ என்பது பெரிய விஷயம். முதலில் 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மனு தயார். அதில் கேட்டிருக்கும் தொகை 495 ரூபாய் 60 காசு. ஐந்நூறு என்று போடவில்லை.