மணல் மேசையும் அட்டைப் பிழையும்

ஏனாத்தூர்ப் பக்கத்தில் நாம் பணியேற்ற இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் மாலை நம் உபதேசியார் ஓர் இளைஞனை அறைவீட்டுக்கு அழைத்துவந்து நிறுத்தினார். பட்டு நெசவாளர் ஒருவரின் மகன். நம் பங்கைச் சேர்ந்த குடும்பமன்று. ஆயினும் எதிர்ப்பட்டால் கைகூப்பி நலம் விசாரிக்கும் அயலார். பாலிடெக்னிக்கில் நான்கு தாள்கள் தவறிப்போகவே படிப்பை விட்டுவிட்டான். தறியில் உட்காரவும் மறுத்தான். கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியில் இருவர் வேண்டும். கரைக்கான நாடாவை எறிய ஒரு துணையாள் பக்கத்தில் அமர வேண்டும். சிறுவயதில் பள்ளி விடுமுறைகளில் அந்தத் துணையாள் இவன்தான். இப்போது தந்தை கூலிக்கு ஆள் வைத்திருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு நின்று ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தறியும் அடுப்பும் பாயும் ஒரே கூரையின் கீழ் நெருங்கிக் கிடக்கும் வீட்டில் இருவர் பேசாதிருப்பது எத்துணைக் கடினம் என்பதை வாசக அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

“சாமிக்குத்தான் மிஷின் என்றால் பிரியமாச்சே, இவனுக்கு ஏதாவது வேலை கொடுங்க” என்றார் உபதேசியார்.

பிரியம் என்பது மெய்தான். குருமடத்தில் பயின்ற நாள்களிலேயே நின்றுபோன சுவர்க்கடிகாரங்களும் மூச்சுவிட மறுத்த ஆர்மோனியங்களும் நம்மிடமே வந்து சேரும். அண்மைக் காலமாக ஒரு மணல் மேசையின்மேல் நமக்கு ஆசை பிறந்திருந்தது. வட்ட மேசை, அதன்மேல் விரல் கனத்துக்குக் குறைவாக நுண்மணல், மணலின்மேல் ஓர் எஃகுக் குண்டு. யாரும் தொடாமலே குண்டு மெல்ல உருண்டு வட்டங்களும் மலர்களும் வரையும். முடிந்ததும் அதன்மீதே அடுத்த சித்திரத்தைத் தொடங்கும். சூட்சுமம் மேசையின் அடியில் இருக்கிறது. அங்கே ஒரு காந்தத்தை மோட்டார்கள் இழுத்துச் செல்ல, மேலே குண்டு அதனைப் பின்தொடர்கிறது. அமெரிக்க நாட்டில், மருத்துவத் தொழிலை விட்டுக் கலைஞராகிய புரூஸ் ஷாபிரோ என்பவர் இத்தகைய மேசைகளைச் செய்து, ‘சிசிபஸ்’ எனப் பெயரிட்டார். 2016-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வீடுகளுக்கும் வழங்கலானார். மலையுச்சிக்குப் பாறையை உருட்டிச் சென்று, அது கீழே உருண்டுவிட, மீண்டும் உருட்டுமாறு சபிக்கப்பட்ட கிரேக்கக் கதை மன்னனின் பெயர் அது. அந்த மேசையை விலைக்கு வாங்க நம்மால் இயலாது. செய்துபார்க்க இயலும் என்று தோன்றிற்று.

வேலை தொடங்கியது. பழைய உணவு மேசை ஒன்றின் பலகையை அறுபது சென்டிமீட்டர் வட்டமாக அறுத்து, நடுவைக் குடைந்தெடுத்து, அதில் மெல்லிய பிளைவுட் பதித்தோம். பலகை தடித்தால் காந்தத்தின் பிடி தளரும். மோட்டார்களும் மின்பலகையும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. இவை சாதாரண மோட்டார்கள் அல்ல, ஸ்டெப்பர் எனப்படுபவை. சுற்று ஒன்றுக்கு 200 படிகள், படிக்கு 1.8 பாகை என எண்ணி எண்ணி நகர்பவை. அவற்றை இயக்கும் சிறு பலகை ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பகுக்க, ஒரு சுற்றுக்கு 3,200 நகர்வுகள் கிட்டும். கட்டளையிடுவது ஆர்டுயினோ என்னும் அட்டை. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர் எளிதில் கையாளும் பொருட்டு உருவானது.

குண்டு வாங்கச் சென்ற இடத்தில் நாம் ஏமாந்தோம். பளபளவென்றிருந்த எவர்சில்வர் குண்டை ஆசையாக வாங்கிவந்தால், அது காந்தத்தைச் சற்றும் மதிக்கவில்லை. பிறகு லாரி பட்டறையில் உடைந்த பேரிங் ஒன்றிலிருந்து எடுத்த குண்டு, வைத்த உடனே துள்ளி ஒட்டிக்கொண்டது. மணலுக்கும் சோதனை உண்டு. கோலமாவு இட்டோம், கோடு அழகாக விழுந்தது, ஆனால் மழைநாளில் கட்டி தட்டிற்று. இறுதியில், கட்டட வேலையில் எஞ்சிய பாலாற்று மணலை ஏழு முறை அலசி, உலர்த்தி, துணியில் சலித்தெடுத்தோம்.

சலித்த மணலைப் பரப்பியபோது நம் விரல் தானாக அதில் ‘அ’ எழுதிற்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் ஓலையைத் தொடுமுன் மணலில்தானே எழுதினார்கள்? ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர், 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தியபோது, நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அதனைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக அம்முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் பரவிற்று. (ஆண்டவர் தரையில் விரலால் என்ன எழுதினார் என்று உபதேசியார் இடையில் கேட்டார். யோவான் சொல்லாததை நாம் சொல்வது முறையன்று என்று கூறி, வேலையைக் கவனித்தோம்.)

இனி நம் துன்பத்துக்கு வருவோம். மேசையின் அடியில் ஒரு கை கடிகார முள்போல் சுற்றும். அக்கையின்மேல் காந்தம் நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் நகரும். இவ்விரு அசைவுகளே போதும். எந்தச் சித்திரமும் இவற்றுள் அடங்கும். காந்தத்தை நகர்த்தும் மோட்டாரைச் சுற்றும் கையின்மேலேயே வைத்தால் மின்கம்பி முறுக்கிக்கொள்ளும். ஆகவே இரு மோட்டார்களையும் அசையாச் சட்டத்தில் பொருத்தி, நடுவில் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு அச்சுகள் வைத்தோம். வெளிக்குழாய் கையைச் சுற்றும். உட்தண்டு இருபது பற்கள் கொண்ட சிறு சக்கரத்தைச் சுற்ற, அது பல் பெல்ட்டை இழுத்துக் காந்தத்தை நகர்த்தும். எல்லாம் பொருந்திற்று. “நடுவிலிருந்து 25 சென்டிமீட்டரில் நின்றபடி ஒரு வட்டம் போடு” என்று முதல் கட்டளை கொடுத்தோம்.

குண்டு வட்டம் போடவில்லை. சுற்றச் சுற்ற உள்வாங்கி, நத்தை ஓடு போன்ற சுருளை வரைந்து, ஆறு சுற்றில் நடுவை அணுகிவிட்டது. பெல்ட் தளர்ந்திருக்கும் என்று இறுக்கினோம். சக்கரம் வழுக்குகிறதோ என்று திருகினோம். மோட்டாரை மாற்றினோம். இப்படி இரண்டு வாரங்கள் கழிந்தன. பையன் வாடிவிட்டான். “எனக்கு எதுவும் வராது ஃபாதர்” என்று ஒரு நாள் சொன்னான். மேசையைப் பற்றி மட்டும் அவன் சொல்லவில்லை என்பது நமக்குப் புரிந்தது. புரிந்தும், தக்க மறுமொழி நம் வாயில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேலாயிற்று. மகன் வீடு திரும்பவில்லை என்று தேடிக்கொண்டு தந்தை வாசலில் வந்து நின்றார். உள்ளே வருமாறு அழைத்தோம். மகன் தலை நிமிரவில்லை. அவரும் அவனை நோக்காமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். குண்டு மறுபடியும் சுருளை வரைந்து முடித்தது. அவர் குனிந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். அதே விரலளவை அடுத்த இடைவெளியிலும், அதற்கடுத்ததிலும் வைத்தார். பிறகு நம்மிடம் சொன்னார்; மகனிடம் அன்று.

“இது கைப்பிழை இல்லீங்க சாமி. இழை அறுந்தா, தளர்ந்தா, பிழை கண்ட இடத்துல வரும். இது அதே தூரத்துல திரும்பத் திரும்ப வருது. இது அட்டைப் பிழை.”

அட்டை என்று அவர் சொன்னது ஜக்கார்டு அட்டையை. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த அந்தப் பொறி, இன்று காஞ்சிபுரத்துத் தறிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மாலைபோல் தொங்கவிடுவர். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. துளை இருக்குமிடத்தில் பாவிழை உயரும். இல்லாவிடத்தில் தாழ்ந்தே கிடக்கும். ஓர் அட்டையில் துளை தவறினாலும், அட்டை இடம்மாறிக் கோக்கப்பட்டாலும், மயிலின் கழுத்தில் விழுந்த வடு அடுத்த மயிலிலும் அதே இடத்தில் விழும். தறியை எவ்வளவு திருகினாலும் அது தீராது. முப்பதாண்டுகளாகக் கண் இதில் பழகிய மனிதர் அவர்.

பையன் அளவுகோலை எடுத்து இடைவெளியை அளந்தான். சரியாக 40 மில்லிமீட்டர். சிறு சக்கரத்துக்கு இருபது பற்கள். பல்லுக்கு இரண்டு மில்லிமீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு நாற்பது. சட்டென்று அவன் முகம் மாறிற்று. கை சுற்றும்போது நடுச்சக்கரம் அசையாது நின்றால், கையின்மேல் இருப்பவனுக்கு அச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகவே பொருள். பெல்ட் அந்த அளவுக்கு இழுபடத்தான் செய்யும். பெல்ட்டிலும் பிழையில்லை, மோட்டாரிலும் பிழையில்லை. கை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் அதே திசையில் ஒரு சுற்று உடன்வர வேண்டும் என்று கட்டளையில் நாம் எழுதவில்லை, அவ்வளவே. ஒரே ஒரு வரியைச் சேர்த்தான். அன்றிரவு பத்தரை மணிக்குக் குண்டு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. தந்தை அதை மூன்று சுற்று பார்த்துவிட்டு, “சாப்பிட வா” என்றார். ஏழு மாதங்களுக்குப் பின் அவர் அவனிடம் சொன்ன முதற்சொல் அது.

பிற்பாடு தாயாரும் வந்தார். குண்டு மணலை விட்டு மேலெழ இயலாதாகையால், எச்சித்திரமும் விட்டுப்போகாத ஒரே கோடாக அமைய வேண்டும். சேலை உருவங்கள் இதற்கு ஒத்துவரா. சிக்குக் கோலம் ஒத்துவரும். தொடங்கிய கோடு புள்ளிகளை எல்லாம் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிவது எது, இரண்டு மூன்று கண்ணிகளாகப் பிரிந்துவிடுவது எது என்பதை அம்மையார் புள்ளி வைக்கும்போதே சொல்லிவிடுகிறார். அவர் இழுக்க இழுக்க, நேர் செல், வலம் வளை, இடம் சுழி என்று மகன் எழுதிக்கொண்டான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் துணைவியார் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970-களில் செய்ததும் இத்தகையதே. வாசலில் பெண்கள் இடும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து, 1974-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைக் கணினி அறிஞர் இன்றும் எடுத்தாளுகின்றனர். இச்செய்தியை அம்மையாரிடம் சொன்னோம். “இதுக்கெல்லாம் கூடவா படிப்பு?” என்று சிரித்தார்.

மேசை இப்போது அறைவீட்டு முன்னறையில் இருக்கிறது. திருமணப் பதிவுக்கும் அடக்கச் சடங்கு பேசவும் வருவோர் அதனருகே அமர்ந்திருக்கின்றனர். பையன் தவறிய தாள்களில் இரண்டை எழுதித் தேறிவிட்டான், இரண்டு பாக்கி. தறியில் உட்காரவில்லை. ஆனால் தந்தையின் வரைதாள்களைக் கணினியில் ஏற்றித் தருகிறான்.

மேசைக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்று திரும்பினால், தான் எங்கே நின்றோம் என்பது அதற்குத் தெரியாது. யாராவது காந்தத்தைக் கையால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவைத் தொட்டறிய ஒரு சுவிட்ச் வைத்துவிடு என்கிறார் தந்தை. மேசையைப் பிரித்தால் மணல் முழுவதும் போகும், அப்புறம் பார்க்கலாம் என்கிறான் மகன். இதனை நாம் எழுதும் இந்நேரத்திலும் முன்னறையில் இருவரும் இதைப் பற்றியே உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.