சுவரில் இருந்த துளைகள்

சென்ற பள்ளி விடுமுறையில் பெற்றோர் சிலரின் துணையோடு நான்காம் ஆண்டு வகுப்பறைக்குச் சாயம் பூசினோம். படங்கள் மாட்ட நான் அடித்த ஆணிகளின் துளைகள் சுவரெங்கும் இருந்தன. தடிப்பாகப் பூசினால் மறைந்துவிடும் என எண்ணித் தூரிகையை எடுத்தேன்.

சாயம் பூசுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மாணவனின் தந்தை தடுத்தார். "டீச்சர், ஓட்டைய சாயம் அடைக்காது" என்றார். உதிரும் பூச்சைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, பட்டியை அழுத்தி நிரப்பினார். காய்ந்ததும் அது சற்றே உள்வாங்கியது. மீண்டும் நிரப்பி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தேன். துளை இருந்த இடமே தெரியவில்லை.

அப்பொழுது அவருடைய மகன் நினைவுக்கு வந்தான். உயிர்மெய் எழுத்துகளில் அவனுக்குத் தடுமாற்றம் உண்டு. வெண்பலகையைப் பார்த்தெழுத வைத்தே அவன் ஏட்டை அழகாக்கியிருந்தேன். தந்தையும் அதைக் கண்டு மகிழ்ந்திருந்தார்.

அன்றே அவரிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அப்ப மொதல்ல இருந்து அடைங்க, டீச்சர்" என்றார்.

இப்பொழுது பள்ளி முடிந்ததும் நாள்தோறும் அரை மணி நேரம் அமர்கிறோம். நேற்று ககர வரிசை முழுவதையும் பார்க்காமல் எழுதினான்.

நீங்களும் உங்கள் சுவரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.