மூடிவைத்த பகுதி



செர்ன் ஆய்வுகூடம் என்றதும் சபையில் பெரியவர்கள், "கடவுள் துணிக்கையைக் கண்டுபிடிச்ச இடம்தானே?" என்று கேட்பார்கள். 2012இல் அங்கே கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துணிக்கைக்கு ஒரு புத்தகத் தலைப்பால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. கடவுளை யாரும் அங்கே தேடவில்லை. ஜெனீவாவில் 18ஆம் இலக்க டிராமில் கடைசித் தரிப்புவரை போய் அந்த இடத்தைப் பார்த்துவந்த எங்கள் மனதில் நின்றது வேறொரு தேடல்.

நிலத்துக்குக் கீழே சுமார் 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில், புரோத்தன் கூட்டங்கள் எதிரெதிராக ஓடிவருகின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ 4 கோடித் தடவை அவை ஒன்றையொன்று கடக்கின்றன. அந்த மோதல்களில் பிறப்பவற்றில் ஒன்று பி-எஸ் மேசோன். பிறந்த கணத்திலேயே அது சிதைந்துவிடும். 100 கோடி சிதைவுகளில் மூன்றோ நான்கோதான் இரண்டு மியூவோன்களாக மாறும் என்பது கோட்பாட்டின் கணிப்பு. 1980களிலிருந்தே பல ஆய்வுகூடங்கள் இந்தச் சிதைவைத் தேடின.

போலிகள் ஏராளம். வெவ்வேறு துணிக்கைகளிலிருந்து வந்த இரண்டு மியூவோன்கள், ஒரே இடத்தில் பிறந்தவைபோலத் தோன்றலாம். அதோடு ஆய்வாளர் பலருக்கு ஓர் ஆசையும் இருந்தது. எண்ணிக்கை கணிப்பைவிடக் கூடினால், இதுவரை அறியாத புதிய துணிக்கைகள் இருப்பதற்கு அது அடையாளமாகும்.

ஆசை கண்ணை ஏமாற்றும். ஆகவே எல்எச்சிபி, சிஎம்எஸ் என்ற இரு குழுக்களும், தரவுகளில் பதில் தெரியக்கூடிய பகுதியை மூடிவைத்தன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை முடிவுசெய்த பிறகே திறந்துபார்த்தன. 2015இல் சேர்ந்து வெளியிட்ட முடிவு: 100 கோடிக்கு சுமார் 2.8. பிழை எல்லைக்குள் பழைய கணிப்போடு ஒத்துப்போனது. புதுமையின் அடையாளம் இல்லை.

"அப்ப இவ்வளவு வருசமும் வீண்தானே?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

வீணில்லை. எத்தனையோ புதிய கோட்பாடுகளுக்கு அந்த ஒரு எண் எல்லை போட்டது. விரும்பாத பதிலையும் நம்பலாம் என்பதற்கு அந்த மூடிய பகுதியே சாட்சி.

இந்த வருடம் எங்களில் நான்கு பேர் கிம்னாசியமா, தொழிற்பயிற்சியா என்று முடிவெடுக்கவேண்டும். வீட்டில் ஒரு விருப்பம், எங்களுக்குள் ஒரு விருப்பம். இரு பக்கமும் தத்தம் விருப்பத்துக்கு ஏற்ற காரணங்களையே பொறுக்கிக்கொண்டிருந்தோம். அதனால் இம்முறை படிப்புகளின் பெயர்களை ஒதுக்கிவைத்து, எது எங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் தாளில் எழுதினோம். அம்மா அப்பாவும் எழுதினார்கள். பிறகே ஒவ்வொரு படிப்பையும் அதோடு ஒப்பிட்டோம்.

ஒருத்திக்கு அவள் ஆசைப்பட்ட பதில் வரவில்லை. ஆனாலும் தாளில் எழுதியதை அவள் அழிக்கவில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் ஒருமுறை இப்படி எழுதிப்பாருங்கள்.