கடைசிக் கூடை

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் கோச்சிக்கு மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். எல்லா வண்டியும் வட்டவளையில் நிற்காது. நிற்கிற மெது வண்டியாகப் பார்த்து ஏறினால் பாதி நாள் போய்விடும். எனக்கு அன்று அவசரமில்லை. பையில் ரோமிலிருந்து கொண்டுவந்த கொப்பி. அதில் ஒன்பது பக்கத்துக்கு என் ஆய்வின் ஓட்டைகள்.

2023 மே மாதம் ரோமில் யூரோசிஸ் மாநாடு. இயங்குதளம், சேமிப்பகம், நூற்றுக்கணக்கான கணினிகளைக் கோத்து ஒன்றாக ஓட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், 2006இல் பெல்ஜியத்தின் லூவனில் தொடங்கி, ஆண்டுதோறும் கூடுவது. அதை ஒட்டி முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பட்டறை. முடிந்த ஆய்வோடு போய் மார்தட்டும் இடமல்ல அது. அரைவேக்காடாக இருக்கும்போதே கொண்டுபோய் வைக்கவேண்டும். பழுத்தவர்கள் குத்திப் பார்த்து எங்கே வேகவில்லை என்று சொல்வார்கள். சொந்த மேற்பார்வையாளர் பழகிப்போனதால் கேட்க மறந்த கேள்வியை, முன்பின் தெரியாத ஒருவர் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுவார்.

என்னிடமும் கேட்டார் ஒருவர். பதில் வரும் சராசரி நேரத்தை எவ்வளவு குறைத்தேன் என்று வரைபடம் வரைபடமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். “சராசரி இருக்கட்டும். ஆகப் பிந்தி வந்த பதில் ஏன் பிந்தியது?”

எனக்குத் தெரியாத விஷயமா? கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு கணினி நூற்றில் ஒரு தடவைதான் சுணங்குகிறது என்று வையுங்கள். ஒரு கேள்விக்கு அப்படி 100 கணினிகள் சேர்ந்து பதில் தரவேண்டுமென்றால், நூறு கேள்வியில் 63 கேள்வி காத்துக் கிடக்கும். அந்தக் கட்டுரையை என் மேற்கோள் பட்டியலில்கூடச் சேர்த்திருந்தேன். படித்ததும் உறைத்ததும் வேறுவேறு.

வட்டவளையை நெருங்கும்போது சன்னல் பக்கம் தலைகள் திரும்பின. 1992இல் இந்தப் பக்கம்தான் மலை நகர்ந்து ரயில் பாதையையும் இழுத்துக்கொண்டு போனது. இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று எங்கள் ஊர். மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர்தான் சரிவைத் தள்ளியது. மலைக்குள் நீளமாகத் துளைபோட்டு அந்தத் தண்ணீரை வடியவிட்டுத்தான் நகர்வை அடக்கினார்கள்.

லயத்தில் அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். “அங்க என்னய்யா கேட்டாங்க?”

சொல்வதற்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம்தான் கைக்கு வந்தது. எல்லார் கொழுந்தும் நிறுத்து முடிந்தால்தான் லொறி கிளம்பும். தொண்ணூற்றொன்பது பேர் வேளைக்கு நிறுத்தாலும் ஒருத்தி பிந்தினால் லொறி பிந்தும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அவ எங்க பிந்துனா? மலையிலயா, மடுவத்துலயா?”

“என்னம்மா?”

“வேளைக்கு வந்தவளும் தராசுக்கிட்ட நிப்பா. முன்னுக்கு நாலு பேரு ஈரத்துக்குக் கழிச்சது கூடன்னு கணக்கப்பிள்ளைகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாங்க. பேரு அவளுக்குத்தான் கெடும், பிந்துனவன்னு.”

தாயை ஞானியாக்கும் கட்டுரைகள் எனக்கு ஒவ்வாது. அம்மா பேசியது கணினியைப் பற்றியல்ல. நனைந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கால் கடுக்க நின்ற முப்பது வருசத்தைப் பற்றி. ஆனாலும் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். கணினி வேலை செய்த நேரத்தையும், வேலைக்காக வரிசையில் கிடந்த நேரத்தையும் நான் பிரித்தே பதியவில்லை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதியிருந்தேன், ஆறு மாதத்துச் சோதனை முழுக்க.

தகரத்தில் மழை தொடங்கியது. “தேத்தண்ணி ஆறுது, குடி” என்றாள் அம்மா.